மருமகனுக்கு ஒரு முழுக்கைச் சட்டை

திருப்பூரில் ஒருவருக்குத் துணியைப் பரிசாகக் கொடுப்பதுபோல மடத்தனம் வேறு கிடையாது. அந்த மடத்தனத்தை நான் பல வருடமாகச் செய்து வருகிறேன். கடையில் வாங்கியாவது கொடுக்கிறேனா என்றால் அதுவும் இல்லை. இரண்டு ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு என் கையாலேயே பின்னிக் கொடுக்கிறேன். அதற்காக எனக்குக் கிடைத்துவரும் மரியாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் ஒரு சட்டையை யார் கையில் கொடுத்தாலும் முதல் காரியமாக உள்பக்கத்தை வெளியே புரட்டுவார்கள். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார்கள். தையலை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். பிறகு கழுத்துப் பட்டியில் லேபிளைத் தேடுவார்கள். லேபிள் இல்லை என்றதும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எந்தக் கம்பெனி ரிஜக்ட்டுங்க?" என்று கேட்பார்கள். கல்யாண வீட்டிலும் இதைத்தான் கேட்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் இதைத்தான் கேட்பார்கள். நானே பின்னினேன் என்று சொன்னால் இன்னும் மோசம். "எதுக்குங்க வேலை கெட்ட வேலை? சொல்லியிருந்தா நாங்களே பத்து பீஸ் சும்மா குடுத்திருப்பமே" என்பார்கள். எல்லார் வீட்டு பீரோவிலும் எக்ஸ்போர்ட்டில் தள்ளிய டீ சர்ட் அடுக்கடுக்காக இருக்கிறது. தரை துடைப்பதும் அதில்தான், பைக் துடைப்பதும் அதில்தான். துணி என்றால் மீந்துபோன சரக்கு என்பதைத் தவிர இவர்களுக்கு வேறு நினைப்பே வருவதில்லை.

எனக்குப் பிழைப்பு நிட்டிங் மெஷின் ஃபிட்டர் வேலை. பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஷெட். உள்ளே ஆள் உயர மெஷின்கள் வட்டமாகச் சுற்றிச் சுற்றித் துணியை இறக்கிக்கொண்டே இருக்கும். எங்காவது ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாத நேரத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நான் பின்னுவேன். நான் ஒரு வரிசையை முடிப்பதற்குள் பக்கத்து மெஷின் ஒரு ஆளுக்குச் சட்டை தைக்கும் அளவுக்குத் துணியை இறக்கிவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் துணியைப் போடப்போகிறவன் யார் என்று மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கையில் பின்னும்போது, இது இன்னாருக்கு என்று முடிவு செய்த பிறகுதான் முதல் கண்ணியையே போடுகிறேன்.

எங்கள் சூப்பர்வைசர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம், "என்னுங்ணா, புது மெஷின் எறக்கிட்டாப்ல இருக்குது?" என்பார். இதே ஜோக்கை அவர் இத்தனை வருடமாகச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் தோன்றியதுபோல அவரே முதலில் சிரித்துக்கொள்வார். மெஷின் ஓட்டும் பீகார்ப் பையன்கள் சிரிப்பதில்லை. அவர்கள் ஊருக்கு வீடியோ கால் போட்டு, போனை என் பக்கம் திருப்பி, ஆம்பளை ஸ்வெட்டர் பின்னுகிறான் பார் என்று அவர்கள் அம்மாவுக்குக் காட்டுவார்கள். அந்த அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு லூதியானாவில் ஒட்டிக்கொண்டது. மெஷின் மாட்டுவதற்காக ஒரு குளிர்காலத்தில் அங்கே அனுப்பினார்கள். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரியோடு சண்டை போட்டபடியே பின்னிக்கொண்டிருந்தாள். சண்டையும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை, ஒரு தடவைகூட அவள் குனிந்து பார்க்கவில்லை. மெஷினைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது. முதல் வரிசை போடுவதை அவளிடம் கேட்டுக்கொண்டேன், மீதியைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி வந்து ஊசி வாங்கப் போனேன். கடைக்காரர் "எந்த மெஷினுக்குங்க?" என்றார். மெஷினுக்கு இல்லை, கைக்கு என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். ஊர் பூராவும் பின்னலாடை என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். பின்னுகிற ஊசிக்கு நான் பஸ் ஏறி ஊட்டிக்குப் போக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து பின்னிப் பின்னிக் கொடுத்திருக்கிறேன். டீக்கடையில் தினமும் கூட உட்காரும் நண்பருக்குப் பின்னிய மப்ளர் இப்போது அவருடைய பைக் டேங்க் மேல் கிடக்கிறது. வெயில் காலத்தில் சூடு தாங்குகிறதாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த குல்லாயில் பூண்டு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். என் மனைவி மட்டும் நான் பின்னிய பையில் டிபன் பாக்ஸ் கொண்டுபோகிறாள். அதுவும் ஆபீசில் யாராவது கேட்டால் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுவாளாம். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு ஏன் பின்னுகிறாய் என்று கேட்டால் இதுதான் பதில்: பின்னப் பிடிக்கிறது, கொடுக்கப் பிடிக்கிறது, வாங்குகிறவர்களைத்தான் பிடிக்கவில்லை.

அந்த வரிசையில் முதல் ஆள் என் தங்கச்சியின் வீட்டுக்காரர். அவர் ஒரு சின்ன எக்ஸ்போர்ட்டர். சின்ன என்ற வார்த்தை அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் வந்துவிட்டால் ஒரு சட்டையின் தோள்பட்டை கால் அங்குலம் கூடிவிட்டது குறைந்துவிட்டது என்று மதியச் சாப்பாட்டையும் மறந்து பேசுவார். தன் மகனின் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

என் மருமகன் பிறக்கும்போது தோள் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுத்ததில் நரம்பு பாதித்து, இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் குட்டையாகவும் மெலிதாகவும் வளர்ந்தது. தோளுக்கு மேலே தூக்க வராது. விரல்களில் ஒரு குறையும் இல்லை, பிடிக்கும், எடுக்கும். கையை நன்றாகப் புழங்க விடுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியனுப்பினார். அந்த வீட்டிலோ பையனுக்கு எப்போதும் முழுக்கைச் சட்டை. வலது கைக்குச் சரியாக இருக்கும். இடது பக்கம் துணி விரலை மூடித் தொங்கும். பையன் அதைப் பல்லால் கடித்து மேலே இழுத்து இழுத்து, அந்தப் பக்கத்துக் கைப்பட்டி எந்நேரமும் எச்சில் ஈரமாகவே இருக்கும். "கடிக்காதடா" என்று அவனுடைய அப்பா அதட்டுவார். பையனுக்கு ஐந்து வயது முடிகிறவரை அந்த வீட்டில் கண்டுபிடித்த வைத்தியம் அதட்டல் ஒன்றுதான்.

ஒரு தடவை தங்கச்சி கம்பெனி டெய்லரிடம் கொடுத்து இடது கையை மட்டும் வெட்டித் தைத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை அதைக் கண்டுபிடித்து, "என்ற பையன் என்ன, பிரிச்சுத் தெக்கற ஆல்டர் பீஸா?" என்று கத்திச் சட்டையையே குப்பையில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பையனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில், மொட்டை அடித்துக் குளிக்க வைத்த பிறகு தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த புதுத்துணியைத்தான் பிள்ளைக்குப் போடுவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அப்பன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்க முடியாது. தங்கச்சி அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க கொண்டார துணிய வேண்டாங்க முடியாதுங்ண்ணா," என்று போனில் மெதுவாகச் சொன்னாள். "அவன்ற கைக்குச் சரியா இருக்கற மாதிரி ஒரு சட்டை பின்னிக் கொண்டாங்க. ஒரு நாளாச்சும் எல்லார்த்துக்கும் முன்னால எம் பையன் ரண்டு கையும் வெளிய தெரிய உக்காரோணும்."

நான் பின்னுவதைப் பார்த்துச் சிரிக்காமல் ஒருவர் என்னிடம் பின்னித் தரச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்று சொல்லி முடிப்பதற்குள் எந்த நூல், என்ன நிறம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். விளையாட்டுப்போல உட்கார வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டுவரை நூலைப் பிடித்து அளந்தேன். வலது கைக்கு ஒரு நூல், இடது கைக்கு ஒரு நூல். அடையாளத்துக்கு இடது நூலில் ஒரு முடிச்சு.

"எதுக்கு மாமா ரண்டு நூலு?" என்றான்.

"உனக்கு ரண்டு கை இருக்குதில்ல கண்ணு."

"ஆமா," என்றான். அவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

மீந்த நூல்கோன் விற்கும் கடையில் தேடி, மெல்லிசாக, குழந்தையின் தோலை அறுக்காத பருத்தி நூலாகச் சந்தன நிறத்தில் எடுத்தேன். இழைகளைச் சேர்த்து முறுக்கிப் பின்னினேன். முதுகும் மார்பும் சுலபமாக வந்துவிட்டன. இடது கைதான் படுத்தியது. நீளத்தை மட்டும் குறைத்தால் போதாது, தோளிலிருந்தே கண்ணிகளைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அவனால் கையைத் தூக்க முடியாததால் அக்குளில் துணி பிடிக்கவும் கூடாது. பின்னிப் பிரித்து, பின்னிப் பிரித்து, ஒரு வழியாக முடிச்சுப் போட்ட நூலின் அளவுக்கு அது வந்து நின்றது. கழுத்தில் ஒரு பக்கம் பொத்தான் வைத்தேன். சட்டையைப் பார்த்த சூப்பர்வைசர், "ஒரு கை சுருங்கிருச்சுங்ணா, சாயத்துல கோளாறு" என்றார். அவருக்கு விளக்கம் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். கோயிலை ஒட்டிய மண்டபத்தில் எங்கள் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்தோம். பழம், தேங்காய், இனிப்பு, நடுத்தட்டில் மடித்த வேட்டி, அதன்மேல் சட்டை. பையனை மொட்டை அடிக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அக்கா வந்து சேர்ந்தார்.

இந்த அம்மையாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பியின் கம்பெனியில் செக்கிங் முழுக்க இவர் கையில். சரியில்லாத இடத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போடுவது இவருடைய வேலை, பொழுதுபோக்கு, வாழ்க்கை எல்லாம். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, இஞ்ச் டேப் இருக்கும். இழவு வீட்டில் கோடித் துணியை இவர் புரட்டிப் பார்த்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் சட்டையிடம் நின்றார். எடுத்தார். புரட்டினார். இழுத்தார். லேபிளைத் தேடினார். அந்தச் சிரிப்பும் வந்தது. பிறகு இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சிரிப்பு போய் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. டேப்பை உருவினார்.

"ஏனுங்க, இதென்னுங்க எடக்கை கம்மியா இருக்குது?" என்றார் மண்டபத்துக்கே கேட்கும்படி. "மெஷர்மென்ட் அவுட்டுங்க இது!"

அவருடைய வலது கை ஸ்டிக்கரைத் தேடி இடது மணிக்கட்டுக்குப் போனது. கம்பெனியில் ஸ்டிக்கர் சுருள் அங்கேதான் தொங்குமாம். இங்கே தங்க வளையல்தான் இருந்தது. கை ஒரு நொடி நின்றது, அப்புறம் தானாகவே நெற்றிக்குப் போய் அங்கிருந்த ஒட்டுப்பொட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து இடது கைப்பட்டியில் ஒட்டியது. நல்ல பெரிய மெரூன் பொட்டு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஐந்து வருடமாக அந்தக் கையைப் பார்த்தவர் அவர். தூக்கி வளர்த்தவர், குளிக்க ஊற்றியவர், சோறு ஊட்டியவர். சட்டை ஒன்று கைக்கு வந்ததும் அதைப் போடப்போகிறவன் அவருடைய மூளையிலிருந்து ஒழிந்துபோனான். இதற்குமேல் ஒரு மனுசிக்கு என்ன கேடு வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை வந்தார். "என்னுங்க மச்சான், ரிஜக்ட் பீஸயா சீர்ல வெப்பாங்க?" என்று கூட்டத்துக்காகச் சிரித்துக்கொண்டே சட்டையைக் கையில் வாங்கினார். பொட்டு எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. சட்டையைச் சுருட்டித் தட்டில் போட்டுவிட்டு என் பக்கம் குனிந்து, "இது வேண்டாமுங்க. வண்டில நம்ம கம்பெனி பீஸ் இருக்குது, நீங்க குடுத்த மாதிரியே போட்டுக்கலாம். யாருக்குந் தெரியாது" என்றார்.

தன் மகனுக்குச் சேராத சட்டையைத் தாய்மாமன் சீர் என்று பொய் சொல்லிப் போட்டுவிட இந்த மனிதர் தயார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"போட்டுக்குங்க மாப்ளை," என்றேன், அவர் அக்கா பேசிய அதே சத்தத்தில். "அப்படியே பையன மடில உக்கார வெக்கறதுக்கும் உங்க கம்பெனிலயே ஒரு ஆளப் பாத்துக்குங்க. நான் கெளம்பறேன்."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. காது குத்தும் பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு பெரியவர் மாப்பிள்ளையிடம் வந்து தாய்மாமன் துணியை மாற்றுவது முறையில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தபோது, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பையனைத் துண்டில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு தங்கச்சி உள்ளே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். தட்டில் சுருண்டு கிடந்த சட்டையையும் பார்த்தாள். பையனை இறக்கி நிறுத்தி, சட்டையை உதறி, பொத்தானைக் கழற்றி அவன் தலையில் மாட்டினாள். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலது கை வெளியே வந்தது. பிறகு இடது கை. ஐந்து விரலும் மணிக்கட்டும் கைப்பட்டிக்கு வெளியே வந்து நின்றன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை யாரும் பார்க்காதபடி வேட்டியைச் சரி செய்வதுபோலக் குனிந்து மணையில் உட்கார்ந்துகொண்டேன்.

பையன் மடியில் ஏறி உட்கார்ந்ததும் அழாமல் இருக்க வலது கையில் கற்கண்டு கொடுத்தார்கள். அவன் பழக்கதோஷத்தில் குனிந்து இடது கைப்பட்டியைப் பல்லால் இழுக்கப் போனான். இழுப்பதற்கு அங்கே தொங்குகிற துணி இல்லை. பொட்டுத்தான் பல்லில் வந்தது. அதை இடது உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். யாருடையது என்று அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. முழுக் கூட்டத்திலும் வெறும் நெற்றியோடு நின்றது ஒரே ஒரு ஆள்தான்.

"அத்தை, உங்க பொட்டு," என்று இடது கையை நீட்டினான்.

அந்தக் கை அவ்வளவுதான் நீளும், அவ்வளவுதான் உயரும். எதிரே நின்றிருந்த அத்தை எல்லார் முன்னாலும் நன்றாகக் குனிந்துதான் அதை வாங்க வேண்டியிருந்தது. குனிந்தவர் அந்த விரல்களைப் பார்த்தார், கைப்பட்டியைப் பார்த்தார். பொட்டை வாங்கிக்கொண்டார். எச்சிலாகிவிட்ட பொட்டு மறுபடி நெற்றியில் ஒட்டவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூண் பக்கம் போய் நின்றார். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை.

காது குத்தும்போது பையன் ஊரைக் கூட்டினான். கற்கண்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். இடது கையின் பிடி நான் நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. போட்டோக்காரர் எல்லாவற்றையும் எடுத்தார்.

சில நாள் கழித்து ஷெட்டில் இருக்கும்போது மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு குழைவு.

"மச்சான், பையன் வேற சட்டையே போட மாட்டீங்கறானுங்க. தொவச்சுக் காயறதுக்குள்ள அழுகறான். அந்த அளவ மட்டும் கொஞ்சம் வாட்ஸப்புல போட்டு உடுங்க. சாம்பிள் செக்‌ஷன்ல குடுத்துப் பத்து பீஸ் தெச்சுக்கறேன்."

முடிச்சுப் போட்ட நூலும் முடிச்சில்லாத நூலும் எதிரே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அனுப்பியிருக்கலாம்.

"பையன் உங்க ஊட்லதான் மாப்ளை இருக்கான்," என்றேன். "கூப்புட்டு உக்கார வெச்சு நீங்களே அளந்துக்குங்க. அவன் ரண்டு கையையும் நீட்டுவான்."